ஈரலில் சீழ்க்கட்டி: காய்ச்சல் விட்டாலும் மருந்தை விடாதீங்க!



சிட்லபாக்கத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டு வாசலில் இட்லிக் கடை நடத்துகிறார். வயது 48. வாரக் கூட்டத்துக்கு ஒரு நாளும் தவறாதவர். அவர் தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரம் ஊக்குநரும் நாங்களும் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். மதிய வெயிலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. சாயங்காலம் ஆனா குளிர் ஜுரம் வருது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா விடுது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வருது. வலது தோள்பட்டை வேற வலிக்குது, மாவு ஆட்டி ஆட்டி சுளுக்கு புடிச்சிருக்கும்" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவருக்கு 6 வருடமாக சுகர் இருக்கிறது. உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று சுகர் மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொன்னால், நாங்களும் அது டைபாய்டாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே கை வைத்து லேசாக அழுத்தியதும் அக்கா 'அம்மா' என்று கத்திவிட்டார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் 8 சென்டிமீட்டர் அளவுக்குச் சீழ்க்கட்டி. கிட்டத்தட்ட ஒரு சாத்துக்குடிப் பழம் அளவு! சுகர் 380 இருந்தது.

இப்படி ஒரு நோய் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஈரலில் எப்படிச் சீழ் வரும்?

காலில் முள் குத்தி, கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டுகிறது இல்லையா? கிருமி உள்ளே போகிறது. அதை எதிர்த்து நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் போராடுகின்றன. போராட்டத்தில் செத்த கிருமியும், செத்த அணுக்களும், கெட்டுப்போன சதையும் சேர்ந்ததுதான் சீழ். ஈரலிலும் இதேதான் நடக்கிறது. காலில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஈரலில் வந்தால் தெரியாது. அதுதான் ஆபத்து.

ஈரல் நம் வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை இருக்கும். நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சத்து குடலில் இருந்து ரத்தம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இப்படிக் குடல் பக்கமிருந்து வருவதுதான். சத்து வரும் வழியிலேயே கிருமியும் வந்துவிடலாம். வழக்கமாக ஈரல் அதை அழித்துவிடும். கிருமி அதிகமானாலோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ அங்கே தங்கிச் சீழ்க்கட்டியாகிவிடும்.

இரண்டு வகை உண்டு

ஈரல் சீழ்க்கட்டி முக்கியமாக இரண்டு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, அமீபா என்ற கிருமியால் வருவது. மனித மலம் கலந்த தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு வழியாக இது குடலுக்குள் போகிறது. நம் நாட்டில் இந்த வகைதான் அதிகம். குறிப்பாக 20 முதல் 45 வயதுள்ள, குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு நிறைய வருகிறது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சலும் வலது பக்க வயிற்று வலியும் வந்தால் "குடிச்சா வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பாக்டீரியா கிருமியால் வருவது. நம் இட்லிக் கடை அக்காவுக்கு வந்தது இதுதான். இது பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வருகிறது. இது ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை, நமக்கும் வரும். சிலருக்கு ஒரே கட்டியாக இருக்கும், சிலருக்குச் சின்னச் சின்னதாகப் பல கட்டிகள் இருக்கும்.

பாக்டீரியா கட்டி யாருக்கு வரும்?

முதல் காரணம் சுகர். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதபோது வெள்ளை அணுக்களின் வேலை மந்தமாகிவிடும். சுகர் இல்லாதவர்களைவிடச் சுகர் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகர் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் கூறியது. ஆக, இது எங்கோ யாருக்கோ வரும் நோய் இல்லை.

சுகர் உள்ளவர்களைப் பிடிக்கும் கிருமிகளில் 'கிளெப்சியெல்லா' என்று ஒன்று இருக்கிறது. 1980-களில் தைவான் நாட்டு டாக்டர்கள் இதை முதலில் கவனித்துச் சொன்னார்கள். ஈரலில் கட்டி வைப்பதோடு நிற்காமல் சிலருக்கு ரத்தம் வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். அதனால் காய்ச்சலோடு கண் மங்கினால், கண் வலித்தால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமதித்தால் பார்வையே போகலாம்.

இரண்டாவது காரணம் பித்தப்பைக் கல். கல் நகர்ந்து பித்தக்குழாயை அடைத்துக்கொண்டால், சாக்கடை அடைத்தால் தண்ணீர் எதிர்த்து வருவது மாதிரி, கிருமி மேலேறி ஈரலுக்குப் போய்விடும். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் வலது மேல் வயிறு பிடித்துக்கொள்வதை நாம் எல்லாவற்றையும் போல 'வாய்வு' என்று சொல்லிவிடுகிறோம்.

குடல்வால் அழுகிப்போவது, குடலில் புண் அல்லது கட்டி, புற்றுநோய், வயிற்றில் புழு ஏறிப் பித்தக்குழாயில் அடைப்பது ஆகியவையும் காரணமாகலாம். சில பேருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் இன்னொரு பாக்டீரியாவும் உண்டு. அதனால் வரும் நோய்க்கு 'மெலியாய்டோசிஸ்' என்று பெயர். விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் ரங்கூனில் இதைக் கண்டுபிடித்து 1912-ல் எழுதினார்கள். நம் தமிழ்நாட்டிலும் இது இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர்கள் பல வருடமாக இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து எழுதி வருகிறார்கள். சுகர் உள்ளவர்கள் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கும்போது இது உடம்புக்குள் போகலாம். ஈரல், மண்ணீரல், நுரையீரல் எங்கே வேண்டுமானாலும் சீழ் கட்டும். நடவு, களையெடுப்புக்குப் போகிற சகோதரிகளும், மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீரில் நடக்கிற நம் ஏரிக்கரைப் பகுதி சகோதரிகளும் இதை மனதில் வையுங்கள். காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது "சேத்துல வேலை செஞ்சேன், தண்ணியில நடந்தேன்" என்று நாமாகவே சொல்ல வேண்டும். இந்தக் கிருமிக்கு மருந்து தனி.

எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே உள்ளவற்றை நன்றாகக் கவனியுங்கள்:

* குளிரோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை
* வலது மேல் வயிற்றில், விலாவுக்குக் கீழே வலி. இருமினாலும் மூச்சை இழுத்தாலும் அதிகமாகும்
* வலது தோள்பட்டையில் வலி. கட்டி மேலே உள்ள உதரவிதானத்தைத் தொடுவதால் வலி தோளில் தெரியும், அது சுளுக்கு இல்லை
* பசியின்மை, குமட்டல், எடை குறைதல், அசதி
* சிலருக்கு மஞ்சள் காமாலை, சிலருக்கு வறட்டு இருமல்

எல்லாம் ஒருவருக்கே வர வேண்டும் என்பதில்லை. வயதானவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் காய்ச்சல் மட்டும் வரலாம்.

ஈரல் என்றதும் நம் ஊரில் உடனே காமாலை என்று முடிவு கட்டிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். தோள் வலி என்றால் சுளுக்கு எடுக்கப் போகிறோம். வயிறு வலி என்றால் நீவி விடுகிறோம். கட்டி உள்ள வயிற்றை அழுத்தி நீவவே கூடாது. கீழாநெல்லியால் சீழ் கரையாது. இதிலேயே ஒரு வாரம் போய்விடும், அந்த ஒரு வாரம்தான் உயிருக்கு விலை.

என்ன பரிசோதனை?

வயிற்று ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் கட்டி தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு எடுப்போமே, அதே ஸ்கேன்தான். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள், சுகர், ஈரலின் வேலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ரத்தத்தையும் சீழையும் எடுத்து 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்புவார்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்பது அதில்தான் தெரியும். முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

இங்கே ஒரு விஷயம். மருந்துக் கடையில் வாங்கி அரைகுறையாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். கிருமி செத்திருக்காது, பதுங்கியிருக்கும். அதனால் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையே கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும், உயிர் நம்முடையது.

வைத்தியம் என்ன?

பாக்டீரியா கட்டிக்கு இரண்டும் வேண்டும்: மருந்தும் வேண்டும், சீழை வெளியே எடுப்பதும் வேண்டும். ரொம்பச் சின்னக் கட்டியாக இருந்தால் மருந்தே போதும். 5 சென்டிமீட்டர் வரை உள்ளதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். அதைவிடப் பெரிதாக இருந்தால் மெல்லிய டியூப் வைத்துச் சில நாட்கள் சீழை வடிய விடுவார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போடுவார்கள். வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இப்போது அபூர்வம். கட்டி உடைந்து வயிற்றுக்குள் பரவினாலோ, டியூப்பில் வடியாவிட்டாலோதான் அது.

மருந்து மொத்தம் 4 முதல் 6 வாரம். முதலில் ஊசியாக நரம்பு வழியாக ஏற்றுவார்கள், பிறகு மாத்திரை. மெலியாய்டோசிஸ் என்றால் ஊசிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். சுகருக்குப் பெரும்பாலும் இன்சுலின் போடுவார்கள். "இன்சுலின் ஆரம்பிச்சா விட முடியாது" என்று பயந்து மறுக்காதீர்கள். கிருமியை ஜெயிக்கச் சுகர் இறங்கியே ஆக வேண்டும்.

அமீபா கட்டிக்கு மெட்ரோனிடசோல் போன்ற மருந்து 7 முதல் 10 நாள் கொடுப்பார்கள். பெரும்பாலும் மருந்திலேயே குணமாகிவிடும். கட்டி பெரிதாக இருந்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ சீழை எடுப்பார்கள். பிறகு குடலில் மிச்சமிருக்கும் கிருமியை அழிக்க வேறு ஒரு மாத்திரை உண்டு, அதையும் சாப்பிட்டால்தான் முழு வைத்தியம். இந்த மருந்து சாப்பிடும் நாட்களில் மதுவைத் தொடவே கூடாது.

டியூப்போடு வீட்டுக்கு அனுப்பினால் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க விடுங்கள். தினமும் எவ்வளவு வடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டியூப்பை இழுக்காமல், நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழைப்பார்களா?

குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி இது. கண்டுபிடிக்காமல் விட்டால் இந்த நோய் உயிரை எடுத்துவிடும். 1938-ல் அமெரிக்க டாக்டர்கள் எழுதிய கணக்குப்படி, பாக்டீரியா கட்டி வந்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது ஆன்டிபயாட்டிக் மருந்து புழக்கத்தில் இல்லை, ஸ்கேனும் இல்லை. 1953-ல் ஹாங்காங் டாக்டர்கள் வயிற்றைக் கிழிக்காமல் ஊசியால் சீழை எடுத்து, மருந்தும் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். பிறகு ஸ்கேன் வந்தது. இன்று சரியான வைத்தியம் கிடைத்தால் நூற்றுக்கு 90 பேர், அதற்கு மேலும் பிழைக்கிறார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? தாமதமாக வருபவர்கள், கட்டி உடைந்தவர்கள், ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் இறங்கியவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், பல கட்டிகள் உள்ளவர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிடும். ஆனால் ஸ்கேனில் கட்டியின் அடையாளம் மறையப் பல வாரம், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சல் திரும்புகிறதா, எடை கூடுகிறதா என்பதுதான் முக்கியம். பித்தப்பைக் கல் காரணம் என்றால் அதைச் சரி செய்யாவிட்டால் கட்டி திரும்ப வரும். வயது 50-ஐத் தாண்டியவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டால் பெருங்குடலையும் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டாதீர்கள்.

அக்கா என்ன ஆனார்?

டியூப் வைத்த முதல் நாளே கால் லிட்டர் அளவுக்குச் சீழ் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினான்காம் நாள் டியூப்பை எடுத்து, இன்னும் 4 வாரத்துக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் நாங்கள் போனபோது அக்கா கடையில் நின்று இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். "உடம்பு நல்லாயிடுச்சும்மா. மாத்திரை வாய் கசக்குது, நிறுத்திட்டேன். கடன் தவணை இருக்கே, கடை போடாம எப்படி?" என்றார். எங்களுக்குப் பகீர் என்றது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய உயிர், தவணைக்காகப் பாதி வைத்தியத்தில் நிற்கிறது.

அன்றைக்கே குழு கூடியது. அவருடைய உள்கடன் தவணையை 2 மாதம் தள்ளி வைக்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போய் மாத்திரையைத் தொடர வைத்தார்கள். பக்கத்து வீட்டு உறுப்பினர் தினமும் ராத்திரி "மாத்திரை போட்டாச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவார். ஸ்கேன் எடுக்கும் நாளில் இன்னொருவர் கடையைப் பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. அக்கா இப்போது சுகர் மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை.

நோயைக் குணமாக்கியது டாக்டர்கள். வைத்தியத்தை முடிக்க வைத்தது குழு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தோம்.

நாம் என்ன செய்யலாம்?

1. சுகர் உள்ள உறுப்பினருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் 2 நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். மற்றவர்களுக்கும் 3 நாளைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். "வயித்து ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று நாமே கேட்கலாம், தப்பில்லை.

2. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். மிச்சமான மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

3. மூச்சு வாங்கினால், புத்தி தடுமாறினால், கை கால் சில்லிட்டு வியர்த்தால், வயிறு முழுக்க வலி பரவினால், கண் மங்கினால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 104.

4. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டு வரும் தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். பெயர் பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள்.

5. அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் வாங்கலாம். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் இந்த வைத்தியம் அட்டையில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கந்து வட்டிக்குப் போகாதீர்கள், முதலில் குழுவில் சொல்லுங்கள்.

6. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, பேதியால் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் புகார் சொன்னதும் நினைவிருக்கும். குழாய்த் தண்ணீர் கலங்கலாக, நாற்றமாக வந்தால் குழுவாகச் சேர்ந்து மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். கழிவறைக்குப் போய் வந்த பிறகும், சமைப்பதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

7. காலில் புண் இருந்தால் மூடிக் கட்டாமல் சேற்றிலோ தேங்கிய தண்ணீரிலோ இறங்காதீர்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் ஊக்குநர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். நம் குழுவில் யார் யாருக்குச் சுகர் இருக்கிறது? அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? இரண்டு கூட்டம் வராத உறுப்பினரின் வீட்டுக்கு யார் போய்ப் பார்க்கிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் போடுவது நம் வழக்கம். இனிமேல் அபராதம் எழுதும் முன் ஒரு தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்போம் சகோதரிகளே!